அந்தப் பதினைந்து ரூபாய் எங்கே போனது?

கொடிவேரி

காலையில் எழுந்ததும் குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வர்டு. பெரியப்பா மகன் அனுப்பியிருக்கிறார். தூர்தர்ஷனும் வானொலியும் அரசாங்கம் தன் சொந்தக் காசில் நமக்குச் செய்யும் தர்மமாம். இங்கிலாந்துக்காரன் பிபிசிக்கு வருடாவருடம் பணம் கட்டுகிறான், அதனால் கேள்வி கேட்கிறான். நாம் ஒரு நாளும் ஒரு பைசா கட்டியதில்லை. ஓசியில் பார்ப்பவன் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டுமாம்.

படித்ததிலிருந்து காப்பி இறங்கவில்லை. அரசாங்கத்துக்கு ஏது சொந்தக் காசு? டெல்லியில் வயல் வைத்து உழுது சம்பாதிக்கிறார்களா?

அப்புறம், ஒரு நாளும் கட்டியதில்லை என்கிறாரே, எங்கள் வீட்டு மர்ஃபி ரேடியோவுக்கு வருடம் 15 ரூபாய் லைசென்ஸ். அப்பா தபாலாபீஸ் போய்க் கட்டிவிட்டு வருவார். டிவி வைத்திருந்தவர்கள் 50 ரூபாய் கட்டினார்கள். எண்பதுகளின் நடுவில்தான் அதை எடுத்தார்கள். இந்த நாட்டு வானொலியை ஊர் ஊராக மக்கள் 15, 15 ரூபாயாகப் போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்த ஒரு தனி அமைப்பு வேண்டும் என்று 1990-இல் பிரசார் பாரதி சட்டம் போட்டார்கள். ஏழு வருடம் அலமாரியில் கிடந்தது. 1997-இல்தான் அமலுக்கு வந்து தன்னாட்சி அமைப்பு என்று ஒன்று உண்டானது. பெயர் தன்னாட்சி, சம்பளம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலிருந்து. உண்மையில் அதை நடத்துவது யார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அண்ணனுக்கு மதியத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

கணக்குப்பிள்ளை

ஒரே ஒரு திருத்தம் மட்டும். அந்த 15 ரூபாய் வானொலிக்குப் போகவில்லை. இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போனது. அன்று ஆல் இந்தியா ரேடியோ ஒரு அரசுத் துறை. அதற்கென்று தனி உண்டியல் கிடையாது. வசூலானதெல்லாம் ஒரே குளத்தில் விழும், செலவுக்கு நாடாளுமன்றம் தனியாக ஒதுக்கும். ஆகவே உங்கள் அப்பா கட்டியது வரி. வானொலியை வளர்த்தோம் என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும், கணக்குக்கு ஆகாது.

அஞ்சல்முத்திரை

வணக்கம். 1971 முதல் 2011 வரை அஞ்சல் துறையில் இருந்தவன் என்ற முறையில் கணக்குப்பிள்ளை அவர்களின் பதிவு எனக்கு வருத்தம் தருகிறது.

ரேடியோ லைசென்ஸ் கவுண்ட்டரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டு முடியும் நேரத்தில் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். கையில் அந்தச் சின்னப் புத்தகத்தோடு வருவார்கள். அதில் ரேடியோவின் பெயர், வைத்திருப்பவர் பெயர், விலாசம் எல்லாம் எழுதியிருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு, தபால்தலை மாதிரி இருக்கும் வில்லையை ஒட்டி, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்போம். கட்டாதவன் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் போவார். இன்ஸ்பெக்டர் தெருவில் நுழைந்துவிட்டார் என்று தெரிந்தால் ரேடியோ நெல் குதிருக்குள் போகும். ஒரு வீட்டில் அவசரத்தில் குதிருக்குள் வைத்தவர்கள் அணைக்க மறந்துவிட்டார்கள். குதிர் செய்தி வாசித்தது. இது நான் நேரில் கேட்டது.

அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது? ஒலிபரப்பு வாங்கி உரிமம், அதாவது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ். வரி என்ற சொல் எங்கேயாவது இருந்ததா? இல்லை. ரேடியோ வைத்திருந்தவன் மட்டும் கட்டினான், வைத்திருக்காதவன் கட்டவில்லை. எப்படி ஐயா அது வரி ஆகும்? பதினைந்து ரூபாய் வானொலிக்காகத்தான் வாங்கினோம். நானே என் கையால் வாங்கினேன்.

கணக்குப்பிள்ளை

உங்கள் கை வாங்கியதை நான் மறுக்கவில்லை. உங்கள் கையை விட்டுப் பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. தொகுப்பு நிதிக்குப் போனது.

விற்றுத்தள்ளு

2025-இல் உட்கார்ந்து 15 ரூபாய்க்கு அடித்துக்கொள்கிறீர்கள். தூர்தர்ஷனை யார் பார்க்கிறார்கள்? அரசு மானியம் மட்டும் வருடத்துக்கு 2,500 கோடிக்கு மேல். இது போக கட்டமைப்புக்கு என்று 2023 ஜனவரியில் 2,539 கோடியில் ஒரு திட்டம். மொத்தத்தையும் விற்றுவிட்டு அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போடலாம்.

கொடிவேரி

தம்பி, வெள்ளம் வந்து கரண்ட்டும் டவரும் படுத்தால் பேட்டரி ரேடியோவில் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்? ஓடிடியா? நடுக்கடலில் மீன்பிடிப்பவனுக்கு வானிலை சொல்ல எந்தத் தனியார் சேனல் முன்வரும்? சரி, அதையும் விடுங்கள். நான் கேட்டது யார் நடத்துகிறார்கள் என்று. அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது அமைதி என்று காரணம் சொல்லி, இதை ஒலிபரப்பாதே என்று மத்திய அரசு உத்தரவு போடலாம். பொது முக்கியத்துவம் உள்ள விஷயம் என்று சொல்லி, இதை ஒலிபரப்பு என்றும் உத்தரவு போடலாம். இதற்குப் பெயர் தன்னாட்சியா?

அஞ்சல்முத்திரை

அம்மா, 23-ஆம் பிரிவுக்கு அப்புறம் வருவோம். முதலில் பதினைந்து ரூபாய் விஷயம் தீரட்டும். அடித்தளம் சரியில்லாமல் மாடி கட்டக் கூடாது.

கணக்குப்பிள்ளை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆல் இந்தியா ரேடியோ பிறப்பதற்கு முன்பே 1927-இல் பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் கம்பெனி ஒலிபரப்பு நடத்தியது. அதற்கு வருமானம் எது? லைசென்ஸ் பணம். அன்றைக்குப் பத்து ரூபாய். அதில் பெரும்பங்கு நேராகக் கம்பெனிக்குப் போனது. வசூலித்தது யார்? தபாலாபீஸ். லைசென்ஸ் வாங்கிய ஆட்கள் போதவில்லை என்பதால்தான் அந்தக் கம்பெனி 1930-இல் படுத்தது. அரசு எடுத்துக்கொண்டது. ஆக, லைசென்ஸ் பணம் ஒலிபரப்புக்காகவே உண்டானது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

1927-இல் கம்பெனிக்குப் போனது. அது கம்பெனி. 1930-க்கு அப்புறம் அரசு. அரசு என்றால் அரசுக் கணக்கு. நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி.

ஒலிவாங்கி

அடடே, அஞ்சல்முத்திரை அண்ணன் இங்கேயும் வரலாறு எடுக்கிறாரா? போன வருடம் வேறொரு இழையில் சென்னை நிலையத்துக்கு முன்பே திருச்சி வானொலி வந்துவிட்டது என்று அடித்துச் சொன்னவர் இவர். சென்னை 1938 ஜூன், திருச்சி 1939 மே. இன்றுவரை அந்த இழையில் தவறு என்று ஒரு வரி எழுதவில்லை.

அப்புறம் பதினைந்து ரூபாய் பற்றி ஒரு உண்மையை யாரும் சொல்லவில்லை. லைசென்ஸ் கட்டியது ஆல் இந்தியா ரேடியோவுக்கு. கேட்டது இலங்கை வானொலி. ஐம்பதுகளில் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தார். ஊரே முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போனது. அதைப் பார்த்துப் பயந்துதான் 1957-இல் சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதியைத் தொடங்கினார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பணத்தைக் கொழும்புக்கு மணியார்டர் பண்ணியிருக்க வேண்டும்.

அஞ்சல்முத்திரை

திருச்சி விஷயத்தில் நான் சொன்னது வேறு, நீங்கள் புரிந்துகொண்டது வேறு. அதை அந்த இழையிலேயே வந்து பேசுங்கள், இங்கே வேண்டாம். ஒலிபரப்பில் இருந்தவர் என்று உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவருக்குக் கவுண்ட்டருக்குப் பின்னால் நடந்தது தெரியாது.

ஸ்டுட்கார்ட்_செல்வி

இங்கே ஜெர்மனி நிலவரத்தைச் சொல்கிறேன். பொது ஒலிபரப்புக்கு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்று 2013-இலிருந்து கேட்பதில்லை. வீடு இருந்தால் கட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் டிவியே கிடையாது. முதல் கடிதம் வந்தபோது யாரோ ஏமாற்றுக்காரர்கள் என்று கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதம் வேறு குரலில் வந்தது.

ஆனால் ஒரு விஷயம் பாராட்ட வேண்டும். அந்தப் பணம் அரசுக் கஜானாவுக்குள் போகாது. எவ்வளவு தேவை என்று ஒரு தனிக் குழு கணக்குப் போடும். 2020 கடைசியில் கட்டணத்தை 17.50-இலிருந்து 18.36 ஆக்கும்போது சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் ஒப்புதல் தராமல் முட்டுக்கட்டை போட்டது. ஒலிபரப்பாளர்கள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசியல்வாதிகள் இதில் கைவைக்கக் கூடாது என்று சொல்லி 2021-இல் நீதிமன்றமே உயர்த்திக் கொடுத்துவிட்டது. 86 சென்ட்டுக்கு இவ்வளவு.

கொடிவேரி

செல்வி, இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். பணம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகத்தான் உத்தரவும் வரும். இங்கே பணம் அமைச்சகத்தின் வழியாக வருகிறது. 2018-இல் ஊழியர் சம்பளத்துக்கான தொகையை அமைச்சகம் விடுவிக்கவில்லை என்று பிரசார் பாரதியின் தலைவரே வெளியில் சொன்னார். அமைச்சகம் மறுத்தது. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். சம்பளத்துக்குக் கையேந்தி நிற்கும் இடத்தில் இருப்பவர் நாளைக்கு எந்தத் தைரியத்தில் அமைச்சருக்குப் பிடிக்காத செய்தியைப் போடுவார்?

கணக்குப்பிள்ளை

செல்வி அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள். ‘அரசுக் கஜானாவுக்குள் போகாது.’ அங்கே போகாது. இங்கே போனது. அதனால்தான் அது கட்டணம், இது வரி. நான் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன்.

அஞ்சல்முத்திரை

வரி, வரி, வரி. அப்படியானால் அந்தக் கவுண்ட்டரில் நான் செய்தது வரிவசூலா? அந்த வேலைக்குத் தனித் துறை இருக்கிறது. நான் தபால்காரன். கிழவிகள் முந்தானையில் முடிந்துவைத்த சில்லறையை எண்ணி வாங்கியவன். ‘இந்தக் காசு எதுக்கு தம்பி?’ என்று கேட்பார்கள். ‘பாட்டுப் போடுறவங்களுக்கு ஆத்தா’ என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு ஒருவர் முகம் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பொய்யன் என்கிறார்.

கணக்குப்பிள்ளை

பொய்யன் என்று நான் எங்கும் எழுதவில்லை. நீங்கள் ஆத்தாவிடம் தவறான தகவல் சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

விற்றுத்தள்ளு

😂😂 ஆத்தாவிடம் தவறான தகவல்

அஞ்சல்முத்திரை

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். சட்டத்துக்கே வருகிறேன். இப்போதுதான் பேரனுக்குப் போன் போட்டு பிரசார் பாரதி சட்டத்தைத் தேடி எடுத்துப் படிக்கச் சொன்னேன். 17-ஆம் பிரிவு. மத்திய அரசு ஒவ்வொரு நிதியாண்டும் பிரசார் பாரதிக்கு என்னென்ன தரலாம் என்று இருக்கிறது. முதலாவதாக என்ன சொல்கிறது? ஒலிபரப்பு வாங்கி உரிமக் கட்டணத்தின் வசூல், அதில் வசூல் செலவு கழித்து! இரண்டாவதாகத்தான் மூலதனம், மானியம், கடன் என்று மற்ற பணம் வருகிறது. நாடாளுமன்றமே சொல்லிவிட்டது, உரிமப் பணம் ஒலிபரப்பாளருக்கு உரியது என்று. ‘வசூல் செலவு கழித்து’ என்கிறதே, அந்த வசூல் செலவு யாருடையது? எங்களுடையது! கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் உழைப்பு சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

இனி என்ன சொல்லப் போகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

முழு வரியையும் பேரன் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. ‘உரிமக் கட்டணத்தின் வசூல், ஏதேனும் இருந்தால்’ என்று இருக்கிறது. ஏதேனும் இருந்தால்! சட்டம் 1990-இல் வந்தது. லைசென்ஸ் அதற்கு முன்பே செத்துப்போனது. இல்லாத பணத்தை அள்ளித் தருகிறோம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதுவும் அதே பிரிவில், நாடாளுமன்றம் முறையாக ஒதுக்கிய பின்பு என்று தொடக்கத்திலேயே இருக்கிறது. நாடாளுமன்றம் எங்கிருந்து ஒதுக்கும்? தொகுப்பு நிதியிலிருந்து. தொ-கு-ப்-பு நிதி.

கொடிவேரி

ஐயா, இருவருக்கும் கும்பிடு. அதே சட்டத்தில் 13-ஆம் பிரிவு இருக்கிறது. பிரசார் பாரதியைக் கண்காணிக்க 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு, மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அடுத்த பிரிவில் நேயர்களின் புகாரை விசாரிக்க ஒலிபரப்பு மன்றம். இந்தக் குழுவும் மன்றமும் உட்கார்ந்து வேலை செய்ததை யாராவது பார்த்தீர்களா? ஊழியர்களை எடுக்க ஆள்சேர்ப்பு வாரியம் என்று சட்டத்தில் இருந்தது, அது உண்டானது 2020-இல். அதே 2020 பிப்ரவரியில் பிரசார் பாரதியின் தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்தவர் வந்தது 2024 மார்ச்சில். நாலு வருடம் நாற்காலி காலி. ஒரு ரேஷன் கடை நாலு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் ஊர் மறியல் பண்ணும்.

ஒலிவாங்கி

நாற்காலி காலியாக இருந்தாலும் ஒலிபரப்பு நிற்காது என்பதுதான் நிர்வாகத்தின் பெருமை. நான் பல வருடம் ஒரு நிலையத்தில் கேஷுவல் அறிவிப்பாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். மாதத்துக்கு ஆறு டியூட்டி, அதுவும் யாருக்காவது மனசு வந்தால். 2007 அக்டோபருக்குள் சேர்ந்த நிரந்தர ஊழியர்களுக்கு, பிரசார் பாரதிக்கு அயல்பணியில் வந்திருக்கும் அரசு ஊழியர்கள் என்று சட்டத்தையே 2012-இல் திருத்தி அந்தஸ்து கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு நாற்காலிகூட நிச்சயமில்லை. விடிகாலை நிகழ்ச்சிக்கு இரவு பஸ் பிடித்து வந்து, படியில் தூங்கியிருக்கிறேன். நேயர் கடிதம் வந்தால் அதில் என் பெயர் இருக்கும், சம்பளப் பட்டியலில் இருக்காது.

பதினைந்து ரூபாய் யாருக்குப் போனதோ தெரியாது. எனக்கு வரவில்லை.

பொதிகைச்சாரல்

ஒன்றைக் கேட்கிறேன். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலுக்கு இருந்த பொதிகை என்ற பெயரை 2024 ஜனவரியில் தூக்கிவிட்டு ‘டிடி தமிழ்’ ஆக்கினார்களே, அதைப் பற்றி இங்கே ஒருவருக்கும் கவலையில்லையா? மலைக்கும் மொழிக்கும் இருந்த உறவை ஒரே நாளில் அழித்துவிட்டு இரண்டு இங்கிலீஷ் எழுத்து. 2023-இல் ஆல் இந்தியா ரேடியோவை எல்லா இடத்திலும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை. வானொலி என்ற சொல் நாவில் ஏறாதா இவர்களுக்கு? அடுத்த வருடம் செய்திச் சேனலின் சின்னத்தைக் காவி ஆக்கினார்கள்.

விற்றுத்தள்ளு

பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? பொதிகை என்று பெயர் இருந்தபோது எத்தனை நாள் பார்த்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

பொதிகைச்சாரல்

தினமும் பார்த்தேன். கர்நாடக சங்கீதம், வயலும் வாழ்வும், எல்லாம்.

விற்றுத்தள்ளு

சரி சரி, நீங்களும் இன்னும் மூன்று பேரும்.

அஞ்சல்முத்திரை

பெயர் சண்டையை வேறு இடத்தில் போடுங்கள். இழையின் தலைப்பைப் பாருங்கள். ‘அந்தப் பதினைந்து ரூபாய் எங்கே போனது?’

கணக்குப்பிள்ளையின் ‘ஏதேனும் இருந்தால்’ வாதத்துக்கு என் பதில். இல்லாத ஒன்றுக்கு யாராவது சட்டத்தில் இடம் வைப்பார்களா? நாளைக்கே லைசென்ஸ் திரும்பி வரலாம் என்றுதான் அந்த வரியை வைத்திருக்கிறார்கள். வந்தால் அந்தப் பணம் யாருக்கு? பிரசார் பாரதிக்கு. அப்படியென்றால் முன்பு வாங்கிய பணமும் அதே நோக்கத்துக்குத்தானே? நோக்கம் என்று ஒன்று இருக்கிறது ஐயா. கல்யாண மொய்யை வீட்டுப் பீரோவில் வைத்தால் அது மொய் இல்லை என்று ஆகிவிடுமா?

என் அப்பா காலத்துக் கதை ஒன்று. எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். மாலையில் மைதானத்தில் பெட்டி மாதிரி ஒரு கட்டடம், அதற்குள் ரேடியோ, மேலே குழாய் ஒலிபெருக்கி. செய்தி வந்தால் சீட்டாட்டம் நிற்கும். பஞ்சாயத்துக்கும் லைசென்ஸ் புத்தகம் உண்டு. அதை எழுத்தர் எழுதிய கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ரேடியோவின் பெயர் என்ற இடத்தில் ‘நல்ல ரேடியோ’ என்று எழுதியிருந்தார்.

கணக்குப்பிள்ளை

மொய் உதாரணம் அருமை. மொய் நோட்டில் பெயர் எழுதுவார்கள். தொகுப்பு நிதியில் எழுதுவதில்லை.

ஸ்டுட்கார்ட்_செல்வி

சின்னச் சந்தேகம். பொது ஒலிபரப்பு, அரசு ஒலிபரப்பு இரண்டையும் நீங்கள் எல்லோரும் ஒன்றாகவே பேசுகிறீர்கள். தன்னாட்சி என்றால் பணத்திலா, ஆள் நியமனத்திலா, செய்தியிலா? இதை முதலில் முடிவு பண்ணினால் மற்றது எளிது இல்லையா?

விற்றுத்தள்ளு

எண்பத்தி நாலில் எடுத்தார்களா, எண்பத்தி ஐந்தில் எடுத்தார்களா லைசென்ஸை?

அஞ்சல்முத்திரை

எண்பத்தி ஐந்து.

ஒலிவாங்கி

எண்பத்தி நாலு என்றுதான் நான் படித்தேன்.

அஞ்சல்முத்திரை

படித்தவருக்கும் கவுண்ட்டரை மூடியவனுக்கும் வித்தியாசம் உண்டு. எண்பத்தி ஐந்து.

ஒலிவாங்கி

திருச்சி வானொலி 1939.

கொடிவேரி

செல்வி கேட்டதற்கு நானாவது பதில் சொல்கிறேன். எனக்கு மூன்றும் வேண்டும். 1977-இல் அவசரநிலை முடிந்ததும் வானொலி, டிவியின் தன்னாட்சி பற்றிச் சொல்ல வர்கீஸ் குழு அமைத்தார்கள், ‘ஆகாஷ் பாரதி’ என்று ஒரு பொது அறக்கட்டளை வேண்டும் என்றது. அவசரநிலை தொடங்கியதும் தகவல் அமைச்சர் குஜ்ராலை எடுத்துவிட்டு வி.சி.சுக்லாவைப் போட்டார்களே, அந்த அனுபவம்தான் காரணம். வந்தவர்கள் எல்லோரும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது தன்னாட்சி கேட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஸ்விட்சு தங்கள் கையில் இருப்பது பிடித்துப்போனது. 1995-இல் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் அலைக்கற்றை பொதுச் சொத்து, அரசின் சொத்து அல்ல என்று சொல்லிவிட்டது. அப்படியும் 2017 சுதந்திர தினத்தில் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார், என் உரையை மாற்றினால்தான் போடுவோம் என்கிறார்கள் என்று புகார் சொன்னார். ஒரு மாநில முதல்வருக்கே இந்தக் கதி. நம்ம ஊர் நேயர் என்ன ஆவார்?

விற்றுத்தள்ளு

அக்கா, பிபிசி மட்டும் புனிதமா? அவர்களுடைய உலக சேவைக்கு 2014 வரை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம்தான் பணம் கொடுத்தது. தமிழில் நீங்கள் கேட்டதெல்லாம் அந்தப் பணத்தில்தான். அதை மட்டும் நடுநிலை என்று காதில் வைத்துக் கேட்டீர்கள்.

கொடிவேரி

கேட்டோம். ஏனென்றால் நம் வானொலி சொல்லாததை அது சொன்னது. யார் பணம் என்பதைவிட, பணம் தந்தவன் ஆசிரியர் அறைக்குள் நுழைய முடியுமா என்பதுதான் முக்கியம். ஒரே மூச்சில் விற்றுவிடு என்கிறீர்களே, தூர்தர்ஷனின் இலவச டிஷ் என்ன ஆகும்? 2004-இல் தொடங்கியது, மாதக் கட்டணம் கிடையாது. நாலு கோடி வீடுகளுக்கு மேல் என்று மதிப்பீடு. அதில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் மோதுகின்றன. இந்தப் பணம்தான் இன்றைக்குப் பிரசார் பாரதிக்குச் சொந்தமாக வரும் பெரிய வருமானங்களில் ஒன்று. யாரும் பார்க்காத பெட்டிக்கா கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள்?

பொதிகைச்சாரல்

அந்தப் பெட்டியில் எத்தனை தமிழ்ச் சேனல், எத்தனை இந்திச் சேனல் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் எல்லோரும் கேபிள். அரசு கேபிளே 70 ரூபாய்க்கு வந்தது ஒரு காலம். இலவச டிஷ் வடக்கே உள்ளவர்களுக்கு.

கணக்குப்பிள்ளை

ஏலப் பணம் தொகுப்பு நிதிக்குப் போகாது, பிரசார் பாரதியின் சொந்த நிதிக்குப் போகிறது. இது வருமானம். லைசென்ஸ் அப்படி இல்லை. வித்தியாசம் இப்போதாவது புரிகிறதா அஞ்சல்முத்திரை?

அஞ்சல்முத்திரை

எனக்குப் புரியவைக்க வேண்டாம். கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் ஒரு சட்டம். முக்கியமான போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும், விளம்பர வருமானத்தில் 75 பங்கு அவர்களுக்கு, 25 பங்கு தூர்தர்ஷனுக்கு. வானொலியில் பாதிக்குப் பாதி. ஏன் அப்படி ஒரு சட்டம்? ஏழை வீட்டுக்காரனும் பார்க்க வேண்டும் என்றுதானே? அந்த ஏழைதான் ஒரு காலத்தில் பதினைந்து ரூபாய் கட்டினான். அந்த உரிமையில்தான் இன்றைக்குப் பார்க்கிறான். கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் எழுதினாலும் பணம் கட்டியவன் மனசில் அது ரேடியோ காசு. அவன் வீட்டுச் செலவு நோட்டில் ‘ரேடியோ 15’ என்றுதான் எழுதினான். ‘தொகுப்பு நிதி 15’ என்று எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை

என் வீட்டு நோட்டில் ‘பால் 40’ என்று எழுதுகிறேன். பால்காரர் அதில் வட்டி கட்டுகிறார். அதற்காக நான் வங்கியை வளர்க்கிறேன் என்று சொல்ல முடியுமா?

ஒலிவாங்கி

இந்த உதாரணம் யாருக்குச் சாதகம் என்று எனக்கே புரியவில்லை.

நெறியாளர்

பெயர் மாற்றம், இந்தி பற்றிய 14 பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். மேலே கிடப்பது மீதம். திருச்சி வானொலி பற்றி இனி இங்கே யாராவது எழுதினால் அந்தப் பதிவு நீக்கப்படும். தனிநபர் தாக்குதல் வேண்டாம்.

பொதிகைச்சாரல்

நகர்த்தியது எந்த இழைக்கு? திறந்தால் வரவில்லை. இதுவும் 23-ஆம் பிரிவா?

கொடிவேரி

மதியம் போய் மாலையும் போய்விட்டது. அண்ணனுக்கு 23-ஆம் பிரிவையும் காலி நாற்காலியையும் எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் போட்டார். அவ்வளவுதான். அடுத்த ஃபார்வர்டும் வந்துவிட்டது, இந்த முறை மஞ்சள் பற்றி.

அஞ்சல்முத்திரை

கொடிவேரி அம்மா, உங்கள் அப்பா எந்த ஊர்த் தபாலாபீசில் கட்டினார்? கோபி தலைமை அலுவலகமா, கிளையா? அந்தப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று பரணில் பாருங்கள்.

என் வீட்டில் ஒன்று கிடைத்துவிட்டது. என் மாமனாருடையது, டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்தது. வில்லைகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு இடத்தில் என் கையெழுத்தே இருக்கிறது. படம் எடுத்து ஏற்றப் பார்த்தேன், கோப்பு பெரிதாக இருக்கிறது என்கிறது. பேரன் ஞாயிற்றுக்கிழமை வருவான்.

கணக்குப்பிள்ளை

நல்லது. ஏற்றுங்கள். அதில் எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அஞ்சல்முத்திரை

வில்லையில் கணக்குத் தலைப்பு எப்படி ஐயா இருக்கும்? உங்களுக்கு வில்லை என்றால் என்ன என்றே தெரியவில்லை. அதிலிருந்து தொடங்குகிறேன். நெறியாளரே, ஞாயிறு வரை இழையைப் பூட்ட வேண்டாம்.